உடைந்த திருகாணி வழக்கில் நிற்குமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மேல்வரிசைப் பற்கள் முன்தள்ளியிருந்ததால் கொழும்பில் ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையத்தில் கிளிப் போட்டோம். சில மாதங்கள் கழித்து மேல்தாடையில் இருபுறமும் “சின்ன ஆணி” வைத்தார்கள். வலதுபுற ஆணி ஆறாவது வாரமே ஆடத் தொடங்கியது. அதைக் கழற்றி வேறொன்றை வைத்தார்கள். நான்கு மாதங்களுக்குப் பிறகு இன்னொரு வைத்தியர் எடுத்த எக்ஸ்ரேயில், உடைந்த ஆணி நுனியொன்று எலும்புக்குள் கிடப்பது தெரிந்தது. கேட்டால் “அதனால் ஒன்றும் ஆகாது” என்கிறார்கள். பழைய எக்ஸ்ரேக்களையும் தர மறுக்கிறார்கள். கட்டிய பணத்தையும் நட்டஈட்டையும் கேட்கலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: ஆணி ஆடியது ஒரு விடயம், உடைந்ததைச் சொல்லாமல் விட்டது வேறு விடயம். கடிதத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். முதலாவதை மட்டும் தூக்கிக்கொண்டு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

முன்பற்களைப் பின்னே இழுக்க எதையாவது பிடித்துக்கொண்டாக வேண்டும். கடைவாய்ப் பற்களைப் பிடித்து இழுத்தால் அவையும் முன்னே நகர்ந்துவிடும். அதனால்தான் பல்லை விட்டு எலும்பையே பிடிமானமாக்குகிறார்கள். அதற்கு வைக்கும் சிறு திருகாணிதான் நீங்கள் சொல்லும் “சின்ன ஆணி”. கன்ன எலும்பின் அடிமேட்டில் இறக்கும் திருகாணி பெரும்பாலும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் 12 மில்லிமீற்றர் அளவு நீளமும் கொண்டது. பல் வேர்களுக்கு இடையில் வைப்பவை இன்னும் சிறியவை. செயற்கைப் பல்லுக்கு வைக்கும் உள்வைப்பைப் போல இது எலும்போடு ஒன்றிப்போக வேண்டியதில்லை. இறுகப் பிடித்திருந்தால் போதும், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். ஆகவே பத்தில் ஒன்றிரண்டு தளர்வது கைதேர்ந்தவர்களிடமும் நடப்பதுதான். ஆணியைச் சுற்றித் துலக்காமல் ஈறு வீங்கினாலும் ஆடும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உங்கள் மகளிடம் முதலில் கேட்கப்போவதே அதுதான்.

உடைவதும் அறியப்பட்ட ஆபத்தே. ஆனால் முறுக்கும்போது உடைந்தாலும் கழற்றும்போது உடைந்தாலும், கையில் மிஞ்சிய துண்டு குட்டையாக இருப்பதை வைத்தியர் கவனித்திருக்க வேண்டும். அன்றே உங்களிடம் சொல்லியிருக்கவும் வேண்டும். நீங்கள் இணைத்திருந்த சம்மதப் படிவத்தைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: பற்களைச் சீரமைக்கச் சம்மதம். திருகாணி என்ற சொல்லே அதில் இல்லை. திகதியோ ஆணி வைப்பதற்கு ஏழு மாதம் முந்தியது. இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் கையில் இருப்பதில் பலமானது இதுதான்.

ஆனாலும் எங்கள் நாட்டில் இத்தகைய வழக்கு ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி நடப்பது. கவனக்குறைவைக் காட்டினால் மட்டும் போதாது. பாதிப்பு நேர்ந்தது என்றும், அந்தக் கவனக்குறைவாலேயே நேர்ந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கு ஒரு குழந்தையின் மரணம் பற்றியது. அதில் கவனக்குறைவை ஏற்றுக்கொண்ட உயர் நீதிமன்றமே, மரணத்துக்கு அதுதான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 2001இல் நட்டஈட்டை மறுத்துவிட்டது. உங்கள் மகளுக்கு நேர்ந்ததோ அதைவிட எவ்வளவோ சிறியது.

எனவே முதலில் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, இந்த நிலையத்தோடு தொடர்பில்லாத பற்சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் எழுத்தில் அபிப்பிராயம் பெறுங்கள். நுனி வேரைத் தொடுகிறதா, மேல்தாடைக் காற்றறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடச் சொல்லும் நிபுணர்கள் பலர். தோண்டி எடுப்பது கூடுதல் சேதம் செய்யலாம். சாட்சியம் வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் தாடையைத் தோண்ட வேண்டாம். அப்படியானால் உங்கள் கோரிக்கை சிறியதுதான்: ஸ்கேன் செலவு, அந்த ஆணிக்குக் கட்டிய பணம், இரண்டாவது வைத்தியரின் கட்டணம், மகளின் வலிக்கு ஒரு தொகை. முழுக் கட்டணமும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிளிப் தன் வேலையைச் செய்துகொண்டுதானே இருக்கிறது.

சிகிச்சை அட்டை, எல்லா எக்ஸ்ரேக்கள், திருகாணியின் பெயரும் தொகுதி இலக்கமும் உள்ள லேபிள் ஆகியவற்றின் பிரதிகளைப் பதிவுத்தபாலில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் உங்களுக்குத்தான் உதவும். வழக்கு வைத்தபின் அவற்றைச் சமர்ப்பிக்குமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். இதற்கிடையில் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கு முறைப்பாடு எழுதலாம். இலங்கை மருத்துவ சபைக்கும் எழுதலாம். ஆனால் அது வைத்தியரின் ஒழுக்கத்தை விசாரிக்குமே தவிரப் பணம் வாங்கித் தராது. ஆணி வைத்தவர் நிபுணரா, பொதுப் பல் வைத்தியரா என்பதையும் விசாரியுங்கள். நிபுணர் வேலையில் கைவைத்தவர் நிபுணருக்குரிய அளவுகோலாலேயே அளக்கப்படுவார்.

கால எல்லையில் பலர் தவறுகிறார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி தீங்கியல் வழக்குக்கு, அதாவது ஒருவர் செய்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் வழக்குக்கு, இரண்டு ஆண்டுகள். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று. மகள் 18 வயதை அடையும்வரை அவளுடைய உரிமைக்குக் காலம் ஓடாது. நீங்கள் செலவழித்த பணத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆணி வைத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று. கோபத்தில் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கம்பி வாயிலேயே இருக்கும்போது கவனிக்க ஆளில்லாவிட்டால் பற்கள் வேண்டாத பக்கம் போகும்; அந்தப் பழி உங்கள்மேல் விழும். வேறு வைத்தியரிடம் மாறுவதானால், மாறும் அன்றே பற்களின் புகைப்படமும் அச்சும் எடுத்துத் திகதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.