ஸ்விட்ச் லைட்டில் மார்வெல் சண்டை: கேம் நல்லதுதான், வாங்கும் வழியில்தான் கவனம் வேண்டும்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. துபாயிலிருந்து வந்த என் தம்பி அவனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் லைட் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதில் விளையாட 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன்' வேண்டும் என்கிறான் மகன். சின்ன ஸ்கிரீனில் சண்டை கேம் மங்கலாகத் தெரியும், திக்கித் திக்கி ஓடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஒரு கடைக்காரர், "கேம் கார்டு எதற்கு? 500 ரூபாய் கொடுங்கள், அக்கவுண்டில் ஏற்றித் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்தக் கடைக்காரரிடம் வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய கன்சோலுக்காகச் செய்த புதுக் கேமைச் சின்னக் கருவிக்குள் திணிக்கும்போது எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். 2023-ல் 'மார்ட்டல் கோம்பாட் 1' ஸ்விட்சுக்கு வந்தபோது முகங்கள் மொழுமொழுவென்று பொம்மை போல இருந்தன, லோட் ஆகவும் நேரம் பிடித்தது. அதற்கும் பெரிய கன்சோலுக்கு வைத்த அதே 70 டாலர் விலையைத்தான் வைத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் கையடக்கக் கருவியில் எல்லாச் சண்டை கேமும் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

உங்கள் மகன் கேட்பது அந்த ரகம் இல்லை. 1993 முதல் 2000 வரை ஆர்கேடில் காசு போட்டு ஆடிய ஏழு பழைய கேம்களின் தொகுப்பு இது. கேப்காம் நிறுவனம் இதை 2024 செப்டம்பரில் வெளியிட்டது. ஆறு கேம்கள் ஒருவருக்கொருவர் மோதும் சண்டை. ஏழாவதான 'தி பனிஷர்' மட்டும் துப்பாக்கியோடு தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போகும் வகை. எல்லாமே கையால் வரைந்த சின்னச் சின்னப் படங்களால் ஆனவை என்பதால் லைட்டுக்கு இது பெரிய சுமையே இல்லை. சண்டை கேமுக்கு நொடிக்கு 60 படம் ஓட வேண்டும். அது குறைந்தால் பையன் உதை விடும் நேரம் தவறிப்போகும். இதில் அந்தக் கவலை இல்லை.

ஒன்றை மட்டும் அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தக் கேம்களின் படம் பழைய டிவி போலக் கொஞ்சம் சதுரமானது. லைட்டின் ஸ்கிரீன் 5.5 அங்குலம். இருபுறமும் ஓரம் விட்டதுபோக, படம் மூலைக்கு மூலை சுமார் நாலரை அங்குலம்தான் இருக்கும். அதைக் குறை என்று நினைத்து செட்டிங்கில் இழுத்துவிட்டால் ஸ்பைடர்மேன் குண்டாகிவிடுவார். இருப்பதை இருக்கிறபடியே விடுங்கள்.

அடுத்தது பட்டன். பெரிய ஸ்விட்சை விட லைட் இதற்கு நன்றாகவே ஒத்துவரும். இதில் வரும் ரியூ என்ற வீரர் கையிலிருந்து நெருப்புப் பந்து வீச வேண்டுமென்றால், இடது கட்டைவிரல் கீழே, கீழ்ச்சாய்வு, முன்பக்கம் என்று ஒரே வழுக்கலில் போய் முடிய, வலது கை குத்து பட்டனை அமுக்க வேண்டும். பெரிய ஸ்விட்சின் பக்கவாட்டில் கழற்றி மாட்டும் ஜாய்-கான் கன்ட்ரோலரில் நான்கு திசைக்கும் நான்கு தனித்தனிப் பட்டன்கள். விரல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது நடுவில் இருக்கும் சாய்வு தவறிவிடும். லைட்டில் இருப்பது ஒரே துண்டான கூட்டல் குறி வடிவ டி-பேட், அதில் விரல் உருளும். இவ்வளவு பயிற்சி வேண்டாம் என்றால், ஒரே பட்டனில் சிறப்பு அடி கொடுக்கும் வசதியும் செட்டிங்கில் இருக்கிறது.

சரி, இப்போது அந்த 500 ரூபாய்க்கு வருவோம். 'அக்கவுண்டில் ஏற்றித் தருவது' என்றால் அவர் தன்னுடைய அக்கவுண்டில் கேமை ஒருமுறை வாங்கி, அதை உங்களைப் போலப் பலருக்கு வாடகைக்கு விடுகிறார் என்று அர்த்தம். பாஸ்வேர்டு அவர் கையில். ஒரு வீட்டில் ஆடும்போது இன்னொரு வீட்டில் கேம் நின்றுபோகலாம். நாளைக்கு அவர் பாஸ்வேர்டை மாற்றினால் பணமும் போய்விடும், கேமும் போய்விடும். போய்க் கேட்கவும் முடியாது, ஏனென்றால் உங்கள் பெயரில் எதுவுமே இல்லை.

அடுத்த தடவை போனால், "நூறு கேம் போட்டுத் தருகிறேன்" என்பார். லைட்டில் அதற்கு மோட் சிப், அதாவது கருவியின் பூட்டை மீறித் திருட்டு கேமை ஓடவைக்கும் சிப், வைக்க வேண்டும். பிராசஸர் பக்கத்தில் கடுகு அளவுகூட இல்லாத பாகங்களின் மேல், தலைமுடி போன்ற கம்பிகளைச் சால்டர் செய்வார்கள். அந்தப் பாகங்கள் கருகி, தடமே பெயர்ந்து வந்த போர்டுகளை என் ரிப்பேர் மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பையன் அழுதுகொண்டு நிற்பான், என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. போர்டு தப்பினாலும், கண்டுபிடித்தால் நின்டெண்டோ அந்தக் கருவியின் ஆன்லைனை நிரந்தரமாக அடைத்துவிடும்.

பெற்றோர் இவர்களிடம் போய்ச் சிக்குவதற்கு நின்டெண்டோவும் ஒரு காரணம், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தியாவில் அவர்கள் நேரடியாகக் கடை போடவில்லை, சர்வீஸ் சென்டர் இல்லை, முறையான வாரண்டியும் இல்லை. கருவியும் கேமும் இறக்குமதியாளர் வைத்த விலைக்குத்தான் வருகின்றன. இத்தனை வருடமாக இங்கே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தும், இவ்வளவு பெரிய சந்தையை ஏறெடுத்துப் பார்க்காமல் இருப்பது எந்த நியாயம்?

ஆகவே கருவியில் செருகி ஆடும் கேம் கார்டாக வாங்குங்கள். இந்தத் தொகுப்பு 2024 நவம்பரிலேயே கார்டாகவும் வந்துவிட்டது. எந்த நாட்டுக் கார்டானாலும் உங்கள் லைட்டில் ஓடும், தம்பி துபாயிலிருந்தே வாங்கி அனுப்பலாம். பையனுக்கு அலுத்துவிட்டால் விற்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தொகுப்பில் உள்ள 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2', 2009-ல் டவுன்லோடாக வந்து, 2013 டிசம்பரில் ஆன்லைன் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. மறுபடி அங்கே விற்பனைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. ஹீரோக்களின் உரிமை வேறு நிறுவனத்திடம் இருப்பதால் இதுபோன்ற சூப்பர்ஹீரோ கேம்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கார்டு கையில் இருந்தால் அதை யாரும் நீக்க முடியாது.

பழைய கார்டும் வாங்கலாம், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் அதற்கே உரிய ஓர் அடையாள எண் இருக்கிறது. சிலர் கார்டை வாங்கி, நகல் எடுக்கும் கருவியில் போட்டு உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துக்கொண்டு, அசல் கார்டை விற்றுவிடுகிறார்கள். அவர் நகலோடும், உங்கள் மகன் அசலோடும் ஆன்லைனுக்குப் போனால், ஒரே எண் இரண்டு இடத்தில் தெரியும். யார் திருடன் என்று நின்டெண்டோவுக்குத் தெரியாது, இரண்டு கருவியையும் அடைக்கலாம். இப்படி மாட்டிய ஒருவர் வாங்கிய ஆதாரத்தைக் காட்டித் தடையை நீக்கிக்கொண்ட செய்தி 2025-ல் வந்தது, அவருடையது ஸ்விட்ச் 2 என்ற புதுக் கருவி. அதனால் பழைய கார்டு வாங்கினால் பில்லையோ, விற்றவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்தியையோ, பணம் அனுப்பிய ரசீதையோ பத்திரமாக வைத்திருங்கள். முன்பின் தெரியாதவரிடம் மூட்டையாகப் பத்துப் பதினைந்து கார்டு மலிவாக வாங்காதீர்கள். கடையில் பில்லோடு வாங்கும் புதுக் கார்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கார்டு வந்ததும் டிரெய்னிங் பகுதிக்குப் போய், ரியூவை எடுத்துப் பத்து முறை நெருப்புப் பந்து வீசச் சொல்லுங்கள். முதல் நாளில் நான்கைந்து வந்தால் போதும், ஒரு வாரத்தில் பத்தும் வரும். வாரம் ஆகியும் ஒரு பக்கம் மட்டும் வரவே இல்லை என்றால் டி-பேடுக்கு அடியில் தூசியோ தேய்மானமோ இருக்கலாம். அது சின்ன வேலைதான், திறந்து சுத்தம் செய்து ரப்பரைப் பார்த்தால் போதும்.