பழைய நீளப்பிடி அரிவாள் ஒன்று கிடைத்திருக்கிறது. சரிசெய்து புல் அறுக்கலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

சரிசெய்யலாம், ஆனால் முதலில் அலகைப் பாருங்கள். கழி உளுத்திருந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். அலகு போய்விட்டால் அதில் ஒன்றும் மிச்சமில்லை.

நீங்கள் சொல்வது ஆள் உயரக் கழியும், அதில் இரண்டு கைப்பிடியும், நுனியில் வளைந்த நீள அலகும் உள்ள அரிவாள்தானே? ஆங்கிலத்தில் சைத் என்பார்கள். நின்றபடியே அறுக்கலாம், முதுகு வளைய வேண்டியதில்லை. நான் பல வருடங்களாக இதைத்தான் பயன்படுத்துகிறேன். பிரஷ் கட்டர் என்ற புல்வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் இல்லாமல், அறுபடும் புல்லின் சரசரப்பை மட்டும் கேட்டுக்கொண்டு வேலை செய்வது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அலகைக் கழற்றி விரலில் தொங்கவிட்டு, முதுகுப் பக்கம் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. சொத்தென்று சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அலகைக் கழியில் பொருத்தும் காம்பு வளையும் இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் அந்த அலகை விட்டுவிடுங்கள். வேகமாக வீசும்போது முறிந்தால் ஆபத்து. பலமுறை தீட்டித் தேய்ந்து குறுகிப்போன அலகும் வேண்டாம். மேல்துரு பெரிய விஷயமில்லை. ஒரு நாள் வினிகரில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, நன்றாகக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டால் போதும். கழிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிடுங்கள்.

அப்புறம் முக்கியமான வேலை, வாயை, அதாவது அலகின் வெட்டும் ஓரத்தை, கூராக்குவது. இங்கேதான் நான் ஒரு நல்ல அலகைக் கெடுத்தேன். அவசரத்தில் மின்சாரச் சாணையில் பிடித்தேன். இரண்டு விரற்கடை நீளத்துக்கு வாய் நீலமாக மாறிவிட்டது. நீலம் என்றால் சூட்டில் தோய்ச்சல், அதாவது எஃகின் கடினம், போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் மட்டும் உடனே மழுங்கிவிடும். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆஸ்திரியா போன்ற நாடுகளில் சுத்தியலால் அடித்துச் செய்யும் மெல்லிய அலகுகளைச் சாணை பிடிப்பதில்லை. அடைகல் என்ற சின்ன இரும்புக் கட்டையின் மேல் வைத்து, காய்ச்சாமல், வாயோரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி மெலிதாக்குவார்கள். ஓரத்தில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும்தான் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் ஓரம் அலையலையாக நெளியும். அதனால் மெதுவாக, ஒன்றையொன்று தொட்டபடி தட்டுகள் விழ வேண்டும். போதுமா என்று பார்க்க, கட்டைவிரல் நகத்தை வாயின் அடியில் வைத்து லேசாக அழுத்தி நகர்த்துங்கள். நகம் போகும் இடத்தில் விளிம்பு மயிரிழை அளவு மேலெழும்பி அடங்குவது, அதில் மின்னும் ஒளி அசைவதில் தெரியும். அப்படித் தெரிந்தால் சரியாக வந்துவிட்டது. இங்கிலாந்து, அமெரிக்கப் பழைய அலகுகள் தடிமனானவை, கெட்டியானவை. அவற்றைத் தட்டக்கூடாது, தண்ணீர் விட்டுக் கல்லில்தான் தேய்க்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டு சுத்தியலை எடுங்கள்.

புதிது வாங்குவதென்றால் உங்கள் உடம்புக்கு ஏற்ற கழியாக வாங்குங்கள். நிமிர்ந்து நின்றால் கீழ்க் கைப்பிடி இடுப்பு மூட்டு உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு பிடிக்கும் நடுவே உங்கள் கையால் ஒரு முழம். புல்லுக்கு 60 முதல் 70 சென்டிமீட்டர் அலகு சரியாக இருக்கும். புதருக்குக் குட்டையான, கனமான அலகு தனியாக இருக்கிறது, மெல்லிய அலகால் புதரைத் தொடாதீர்கள்.

அறுக்கும்போது வெட்டாதீர்கள், வீசி இழுங்கள். அலகின் அடிவயிறு தரையில் படிந்தபடியே வலமிருந்து இடமாக அரைவட்டம் போக வேண்டும். திரும்பி வரும்போதும் தரையை விட்டு எழக்கூடாது. கை வலித்தால் தோளால் இழுக்கிறீர்கள் என்று பொருள், இடுப்பைத் திருப்புங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் நாலு விரற்கடைதான் முன்னேற வேண்டும். அதிகமாகக் கவ்வினால் நுனி மண்ணில் குத்தும். விடிகாலைப் பனியோடு அறுப்பதுதான் சுகம். ஈரப்புல் விறைப்பாக நின்று வாய்க்கு வசமாகக் கொடுக்கும். காய்ந்த புல் வளைந்து நழுவும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, தண்ணீரில் நனைத்த தீட்டுக்கல்லால் அடியிலிருந்து நுனிவரை இருபக்கமும் மாற்றி மாற்றித் தீட்டுங்கள். இதைச் சோம்பல்பட்டுத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் 'இதற்குப் பலம் வேண்டும்' என்கிறார்கள். தேவையே இல்லை. வாய் நன்றாக இருந்தால் ஒல்லியான ஆளும் அலுக்காமல் அறுக்கலாம். தீட்டியும் கூர் நிற்கவில்லை என்றால் மறுபடி தட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

குழந்தைகளையும் நாயையும் பத்தடிக்கு அப்பால் நிறுத்துங்கள். ஓய்வெடுக்கும்போது அரிவாளைப் புல்லில் கிடத்தாதீர்கள், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கிளையில் மாட்டுங்கள்.