பப்பி தீனியை எப்போது நிறுத்துவது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். கால்நடை மருத்துவராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குட்டி நாயை வளர்ந்த நாய்க்கான 'அடல்ட்' தீனிக்கு மாற்றுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எத்தனை மாதத்தில்?" என்றுதான் இருந்தன. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கோவை: சார், எங்களிடம் லேப் (லாப்ரடார்) ஆண் குட்டி இருக்கிறது. 6 மாதம், 21 கிலோ. பால் பல் எல்லாம் விழுந்துவிட்டது, இனி அடல்ட் பாக்கெட் போடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். மாற்றட்டுமா?

வேண்டாம் தம்பி. பால் பல் விழுவது எல்லா நாய்க்கும் ஏறக்குறைய 4 முதல் 6 மாதத்துக்குள் நடந்துவிடும், பொமரேனியன் ஆனாலும் கிரேட் டேன் ஆனாலும். எலும்பு அப்படி இல்லை. நீள எலும்புகளின் நுனியில் குருத்தெலும்பு அடுக்கு ஒன்று இருக்கும். குட்டி உயர்வது அங்கேதான். அந்த அடுக்கு எலும்பாகி மூடிக்கொண்டால் வளர்ச்சி முடிந்தது என்று அர்த்தம். சின்ன ரகங்களுக்கு 9 முதல் 12 மாதத்தில் வளர்ச்சி முடியும். நம் நாட்டு நாய் மாதிரி நடுத்தர உடம்புக்கு 12 மாதம். லேப், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 12 முதல் 18. டேன், மஸ்டிஃப் போன்ற பிரம்மாண்ட ரகங்களுக்கு 18 முதல் 24 மாதம்கூட ஆகும்.

உங்கள் பையனுக்கு 12 மாதம் வரை பப்பி தீனியே போடுங்கள். நானாக இருந்தால் 14, 15 மாதம் வரை விடுவேன். ஒரு சின்ன வேலையும் செய்யுங்கள். மாதம் ஒரு தடவை அவனைக் கதவு நிலையோரம் நேராக நிற்க வைத்து, தோள்பட்டை உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியும் எடையும் எழுதுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து கோடு ஒரே இடத்தில் விழுந்து, எடையும் அப்படியே நின்றால், மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சென்னை: டாக்டர், கிரேட் டேன் பெண் குட்டி, 5 மாதம். பெரிய எலும்பு, கால்சியம் நிறைய வேண்டும் என்று குட்டி கொடுத்தவர் சொன்னதால் பப்பி தீனியோடு தினம் இரண்டு வேளை கால்சியம் சிரப் ஊற்றுகிறோம். இன்னொருவர், வேகமாக வளர்ந்தால் மூட்டு கெடும், இப்போதே அடல்ட் தீனிக்கு மாற்றுங்கள் என்கிறார். எது சரி?

இரண்டுமே வேண்டாம் அம்மா. சிரப்பை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

வளர்ந்த நாயின் குடல் தேவையான கால்சியத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். 6 மாதத்துக்குக் கீழே உள்ள குட்டிக்கு அந்தத் தடுப்பு சரியாக வேலை செய்யாது. கொடுத்ததில் பெரும் பங்கு உள்ளே போய்விடும். அது எலும்பு உருவாகும் ஒழுங்கையே குலைக்கும்.

ஒரு டேன் குட்டி என் நினைவை விட்டுப் போகவே இல்லை. 4 மாதம்தான். முன்னங்கால் மணிக்கட்டு இரண்டும் எலுமிச்சம்பழம் போல வீங்கி, கால்கள் வெளிப்பக்கம் வளைந்து நின்றன. மேசையில் நிற்க வைத்தால் பாதம் வழுக்கிக்கொண்டே போயிற்று. வளர்த்தவர் பாசக்காரர். நல்ல தீனி, பால், முட்டை, அதற்கு மேல் இரண்டு விதக் கால்சியம். எல்லாம் அன்பில் செய்ததுதான். கூடுதலாகக் கொடுத்ததை எல்லாம் நிறுத்தினோம், தீனியை அளந்து போட்டோம். ஒரு கால் நேரானது. இன்னொரு பாதம் கடைசி வரை திரும்பியபடியே இருந்தது.

அடல்ட் தீனிக்குச் சீக்கிரம் மாற்றச் சொல்வது பழைய யோசனை. புரதம்தான் எலும்பைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். குற்றவாளி புரதம் இல்லை, அளவுக்கு மீறிய கலோரியும் கால்சியமும்தான். அடல்ட் தீனி வளரும் எலும்பைக் கணக்கில் வைத்துச் செய்ததல்ல. தீனிக்கான தர அளவுகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஆஃப்கோவின் அளவுப்படி ஈரம் நீக்கிய கணக்கில் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதம் வேண்டும், வளர்ந்த நாய்க்கு 18 போதும். பெரிய ரகக் குட்டிக்கான தீனியில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மற்ற தீனிகளில் 2.5 வரை அனுமதி உண்டு. ஆகவே பாக்கெட்டில் 'லார்ஜ் பிரீட் பப்பி' அல்லது 'ஜயன்ட் பப்பி' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 18 மாதம் வரை அதே போகட்டும். கொழுகொழுவென்று ஆக்காதீர்கள். ஒல்லியாக, மெதுவாக வளரும் டேன்தான் நன்றாக நடக்கும்.

திருச்சி: எங்கள் லேப் பெண்ணுக்கு 13 மாதம், 36 கிலோ. இன்னும் பப்பி தீனிதான். கிண்ணம் காலியானதும் முகத்தையே பார்க்கிறாள், மனசு கேட்கவில்லை.

இவளுக்கு இப்போதே மாற்றலாம். 36 கிலோ லேப் பெண்ணுக்கு அதிகம். ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், விலாவைத் தொட்டுப் பாருங்கள். முதலில் உங்கள் கையை முஷ்டியாக மடக்கி, விரல் முட்டிகளை மறு கையால் தடவுங்கள். விலா அப்படித் துருத்தினால் மெலிவு. கையை விரித்து நீட்டிப் புறங்கையைத் தடவினால் மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தெரியும், விலாவும் அப்படித் தெரிந்தால் சரியான உடம்பு. கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் உள்ளங்கைச் சதை மாதிரி மெத்தென்று இருந்தால் தீனியைக் குறைக்க வேண்டும். வாரம் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

மனசு கேட்கவில்லை என்கிறீர்கள், புரிகிறது. லேப்களில் கணிசமானவற்றுக்குப் பசி அடங்காத ஒரு மரபணுக் கோளாறே உண்டு என்று 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தப் பார்வை நிஜப் பசியாகவே இருக்கலாம். ஆனாலும் கொடுக்காதீர்கள். 48 லேப்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகப் போட்டு ஆயுள் முழுவதும் கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் தாமதமாகத்தான் வந்தது. அந்த இரண்டு வருடத்தை நினைத்துக்கொண்டு கிண்ணத்தை எடுத்து வையுங்கள் அம்மா.

விருதுநகர்: அண்ணே, சிப்பிப்பாறை, 14 மாசம். விலா தெரியுது. பப்பி தீனியை நீட்டிக்கட்டுமா?

ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு தம்பி அது. கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது அதன் இயல்பு. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கூராக நீட்டிக்கொண்டிருந்தால்தான் கவலை. அப்படி இருந்தால் முதலில் குடற்புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று பாருங்கள். இல்லையென்றால் தாராளமாக மாற்றலாம்.

தஞ்சாவூர்: நாங்கள் பாக்கெட்டே வாங்குவதில்லை. சாதம், சிக்கன், தயிர். குட்டிக்கும் பெரியதுக்கும் என்ன வித்தியாசம் செய்வது?

வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த நாய்கள் ஏராளம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வளரும் குட்டிக்கு எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் போதாது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. உடம்பு அந்தக் குறையைத் தன் எலும்பிலிருந்தே எடுத்து ஈடுகட்டும். எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்தாலே முறியும். டேன் குட்டிக்கு சிரப் வேண்டாம் என்ற நானே இங்கே கால்சியம் வேண்டும் என்கிறேன், ஏனென்றால் அங்கே தீனியிலேயே அளவாக இருந்தது, இங்கே இல்லை. எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர் எழுதித் தர வேண்டும், கண்ணளவு கூடாது. வளர்ந்து முடியும் வரையாவது பப்பி தீனியை முக்கியச் சாப்பாடாக வைத்து, வீட்டுச் சாப்பாட்டைப் பத்தில் ஒரு பங்குக்குள் வையுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு, திராட்சை, வேகவைத்த எலும்பு எந்த வயதிலும் வேண்டாம்.

மதுரை: தெருவில் எடுத்து வளர்க்கும் நாட்டுப் பெண் குட்டி. 7 மாதத்தில் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். இனி அடல்ட் தீனியா?

எடுத்து வளர்ப்பதற்கும் ஆபரேஷன் செய்ததற்கும் முதலில் நன்றி. தீனி மாற வேண்டாம், அளவு மாற வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான கலோரி சுமார் 20 முதல் 30 சதவீதம் குறையும், பசியோ கூடும். எலும்பு இன்னும் வளர்கிறது, அதனால் 12 மாதம் வரை அதே பப்பி தீனி. எடை ஏறும் வேகத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

சேலம்: போன வாரம் ஒரே நாளில் மாற்றினோம். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு.

பலர் செய்யும் தவறு இது. மாற்றுவதற்கு 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் புதியது கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால், கடைசியில் முழுதும். நடுவில் மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள். பழைய பாக்கெட் தீர்ந்த பிறகு புதியதை வாங்கினால் இது முடியாது, இரண்டும் கையில் இருக்க வேண்டும். டம்ளரால் அளக்காமல் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள்.

ஆனால் உங்களுக்கு மூன்று நாள் ஆகிவிட்டது. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்தில் ரத்தம், வாந்தி, சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும், தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டியாக இருந்தாலும், மாலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். தீனி மாற்றம்தான் காரணம் என்று நினைத்து, உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் நோயைக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஈரோடு: தாய் நாய் பால் கொடுக்கிறது. வயது 3. அதற்கு எந்தத் தீனி?

பப்பி தீனி. சினையின் கடைசி மூன்று வாரத்திலும் பால் கொடுக்கும் காலம் முழுவதும் அதுதான் அவளுக்கு ஏற்றது. குட்டிகள் பால் மறந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

நாகர்கோவில்: பொமரேனியன், 10 மாதம், 3 கிலோ, இரண்டு மாதமாக எடை ஏறவில்லை.

விலாவைத் தொட்டுப் பாருங்கள். புறங்கை மாதிரி இருந்தால் நாளைக்கே கால் பங்கில் ஆரம்பிக்கலாம்.