கார்டிலிருந்து காசு தானாகப் போகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

இலங்கையில், ஹட்டனில் ஒரு வங்கிக் கிளையில் 11 வருடம் வாடிக்கையாளர் மேசையில் இருந்தேன். இப்போது வேலையில் இல்லை. ஆனாலும் முறைப்பாட்டுக் கடிதம் எழுதித் தரச் சொல்லி ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கொட்டகலைத் தம்பி: அக்கா, மகள் இங்கிலீஷ் படிக்கட்டும் என்று ஒரு ஆப் போட்டேன். 7 நாள் இலவசம் என்று சொல்லி கார்ட் இலக்கம் கேட்டது. பிடிக்காமல் அடுத்த நாளே ஆப்பை அழித்துவிட்டேன். மூன்று மாதமாகக் காசு போகிறது. எப்படி எடுக்கலாம்?

ஆப்பை அழிப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு, தம்பி. போனில் ஆப் இல்லாவிட்டாலும் சந்தா ஓடிக்கொண்டேதான் இருக்கும். ப்ளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அதைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் நிறுத்துங்கள். நிறுத்தியதும் அந்தத் திரையை அப்படியே படம் எடுத்து வையுங்கள். காசு போய் 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு ஆப் செய்தவர்களுக்குத்தான் எழுத வேண்டும். ஐபோன்காரர்கள் இலவச நாள் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பாவது நிறுத்திவிட வேண்டும்.

நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே கார்ட் கொடுத்திருந்தால் இந்த வழி எதுவும் உதவாது. நிறுத்தச் சொல்லி அவர்களுக்கு மின்னஞ்சல் போடுங்கள். அதற்குப் பிறகும் எடுத்தால் அந்த மின்னஞ்சலோடு வங்கிக்குப் போய் டிஸ்பியூட் படிவம் கேளுங்கள், அதாவது இந்தக் காசை எடுத்தது சரியில்லை என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் படிவம். நிறுத்தச் சொல்வதற்கு முன் போன காசை மீட்பது கஷ்டம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வேலையில் இருந்தபோது ஒரு அம்மா கணக்குக் கூற்றை நாலாக மடித்து, பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரே வெளிநாட்டுப் பெயர், ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி, ஒன்பது வரி. மகன் எப்போதோ அவருடைய கார்டில் ஒரு கேமுக்குச் சேர்ந்திருக்கிறான். அந்த அம்மா அதை வங்கிக் கட்டணம் என்றே நினைத்திருந்தார். "வங்கி எடுத்தா நாம என்ன கேக்கிறது" என்றார். அந்தக் கூற்று இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தயவுசெய்து கூற்றை வரி வரியாகப் பாருங்கள். விளங்காத வரி இருந்தால் கேளுங்கள்.

நானுஓயா: இந்தியாவில் காசு எடுக்கிறதுக்கு முன் மெசேஜ் வருமாம். நமக்கு அந்தச் சட்டம் இல்லையா?

அது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. 2021 ஒக்டோபர் 1 முதல் அங்கே வழங்கிய கார்ட்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. காசு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிக்க வேண்டும். இங்கே வாங்கிய கார்டுக்கு அது செல்லாது. நமக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதில் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. இது பெரிய குறை, திருத்த வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் வியாபாரி ஏமாற்றும் விதமாக நடக்கக் கூடாது என்று 30ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளூர் நிறுவனம் கட்டணத்தை மறைத்துச் சேர்த்திருந்தால் அதை வைத்து முறையிடலாம். வெளிநாட்டு நிறுவனம் என்றால் வங்கி டிஸ்பியூட்தான் கைகொடுக்கும்.

மஸ்கெலியாத் தங்கச்சி: அம்மா போனுக்கு ரீலோட் போட்டால் பேசாமலே குறைகிறது.

பாட்டு, ஜோதிடம் என்று ஏதாவது சேவை தினமும் வெட்டிக்கொண்டிருக்கும். போன் நிறுவனத்தின் உதவி இலக்கத்துக்கு எடுத்து, என்னென்ன சேவை ஓடுகிறது என்று கேட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள், வெட்டிய காசையும் கேளுங்கள். சரிவராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1900.

பண்டாரவளை: வங்கியிலிருந்து என்று ஒருவன் பேசினான். ஓடிபி சொல்லிவிட்டேன், காசு போய்விட்டது.

இதை வாசித்து முடிக்கக்கூடக் காத்திருக்காதீர்கள். கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் வங்கி இலக்கத்துக்கு எடுத்து கார்டை நிறுத்துங்கள். அப்புறம் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். கொடுப்பனவுக் கருவி மோசடிகளுக்கு 2006லும் கணினிக் குற்றங்களுக்கு 2007லும் சட்டம் வந்துவிட்டது. வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். படித்தவர்களும் இதில் சிக்குகிறார்கள்.

தலவாக்கலை அண்ணன்: எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். கொழும்புக்கு அனுப்பினால் பார்ப்பார்களா?

பார்க்கத்தான் வேண்டும், அண்ணன். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது. யாரிடமும் காசு கொடுத்து இங்கிலீஷில் எழுதிவாங்க வேண்டாம். சேவை கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள், எழுத்தில், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட வேண்டும். அவர்களின் இலக்கம் 1977. இந்த 3 மாதத்தைத் தவறவிட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

வங்கியோடு பிரச்சினை என்றால் முதலில் அந்த வங்கிக்கே எழுதுங்கள். பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ மத்திய வங்கியின் 1935க்கு எடுங்கள். கடிதத்தில் திகதி, தொகை, கூற்றில் உள்ள நிறுவனப் பெயர், எப்போது நிறுத்தச் சொன்னீர்கள், என்ன வேண்டும் என்பது இருந்தால் போதும். முழுக் கார்ட் இலக்கத்தை எழுதாதீர்கள், கடைசி நாலு இலக்கம் போதும். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்கிய பிறகுதான் கவுன்டரை விட்டு நகர வேண்டும்.