ஒப்பரேஷனுக்குப் பிறகு சிஆர்பி 110 என்றால் பக்டீரியாத் தொற்று உறுதிதானா?

அப்பாவுக்குக் குடல் ஒப்பரேஷன் முடிந்து இரண்டாம் நாள், சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனையில் 110, அன்டிபயோட்டிக்கை மாற்றச் சொல்லிக் கேட்கவா என்கிறீர்கள். வீட்டில் இப்போது ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் மாமிக்குப் பித்தப்பைக் கல் ஒப்பரேஷன் இங்கே திருகோணமலையில்தான் நடந்தது, வயிற்றைத் திறந்து. இரண்டாம் நாள் சிஆர்பி நூறைத் தாண்டியது, பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு ‘எச்’, அதாவது ‘ஹை’, கூடுதலாம். கனடாவிலிருந்து மச்சான் வீடியோ கோலில் குதித்தார்: “ஒன்றுக்குக் கீழே இருக்கவேணுமாம், நூறு மடங்கு ஏறிட்டுது, கொழும்புக்குக் கொண்டுபோங்கோ!” அவர் இணையத்தில் பார்த்தது ஒரு டெசிலீட்டர் (லீட்டரில் பத்தில் ஒரு பங்கு) இரத்தத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, எங்கள் ரிப்போட் லீட்டர் கணக்கு. அதிலேயே பத்து மடங்கு போய்விட்டது.

வார்ட்டில் இருந்த டொக்டர் பிள்ளை மாமியின் வயிற்றை அமத்திப் பார்த்தார், காயத்துப் பிளாஸ்டரை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார், காய்ச்சல் சீட்டைப் புரட்டினார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்: “அண்ணா, வெட்டினாலே இது ஏறும். ரெண்டு மூன்று நாளில இறங்கவேணும். இறங்காட்டி, இல்லாட்டி இறங்கிப்போட்டுத் திரும்ப ஏறினாத்தான் தேடவேணும்.” மருந்து மாற்றவில்லை, அதுவும் இறங்கியது.

சிஆர்பி ஈரல் சுரக்கும் புரதம். கிருமி, வெட்டுக்காயம், மூட்டுவாதம், எதற்கும் ஏறும். புரோகல்சிட்டோனின் என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை அதைவிடப் பரவாயில்லை, வைரஸ் காய்ச்சலில் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். ஆனால் பெரிய ஒப்பரேஷனும் சிறுநீரகக் கோளாறும் அதையும் ஏற்றிவிடும். எந்தக் கிருமி என்று அறியக் கல்ச்சர்தான் வேண்டும், அதாவது இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. அதற்கு நாள் எடுக்கும், மருந்து ஏற்றுமுன் இரத்தம் எடுப்பதே நல்லது.

‘கூகிள் வைத்தியர்’ என்று கமெண்டில் வருவோருக்கு: நான் டொக்டர் இல்லை, டொக்டரைக் கேளுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். தொற்றே இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்கினால், பேச்சுக் குழம்பினால், சிறுநீர் குறைந்தால் ரிப்போட்டுக்குக் காத்திராமல் நேர்ஸைக் கூப்பிடுங்கள்.

மச்சானைப் போல வெளிநாட்டிலிருந்து வைத்தியம் சொல்லும் சொந்தக்காரரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இரவு முழுக்கப் பிளாஸ்டிக் கதிரையில் நுளம்பு அடித்துக்கொண்டு இருப்பது நாங்கள். விடியப்புறம் மூன்று மணிக்குக் கோல் எடுத்து “மாமி சாப்பிட்டவவோ?” என்று கேட்பது அவர்கள். அங்கே அப்போது பின்னேரமாம்!