நீச்சல் தெரியாமல், முன்பின் தெரியாதவர்களோடு புதுச்சேரிக்கு சர்ஃபிங் கற்கப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நீச்சல் தெரியாது, பரவாயில்லையா? ஆன்லைனில் பழக்கமான ஐந்தாறு பேர் சனி, ஞாயிறு கிளம்புகிறார்கள், நம்பிச் சேரலாமா? சொந்த ஊர் பண்ருட்டி என்பதால், பக்கத்தில் கடலூர் சில்வர் பீச்சிலேயே முடித்துக்கொள்ளக் கூடாதா?

முதலாவதற்கு, போகலாம். மூன்றாவதற்கு, வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன். இரண்டாவதற்கான பதில், அந்த ஐந்தாறு பேரும் சனிக்கிழமை ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பார்கள் என்பதைப் பொறுத்தது. இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் இப்படிப்பட்ட குழுக்களோடு போய் வந்தவன்தான். பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் அலையால் அல்ல, அந்த ராத்திரியால்தான்.

சர்ஃபிங் காலை வேலை. ராத்திரி முழுக்கத் தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அதனால் விடியும்போது தண்ணீர் வழவழப்பாக, அலை ஒழுங்கான வரிசையில் வரும். வெயில் ஏற ஏறக் காற்று திரும்பிக் கடலிலிருந்து வீச ஆரம்பித்துவிடும். அதன்பின் அலைகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கி, எது எங்கே உடையும் என்றே தெரியாது. புதிதாகக் கற்பவருக்கு ஆறு மணியும் பதினோரு மணியும் வேறு வேறு கடல்கள். ஆகவே பாடம் பெரும்பாலும் ஆறு, ஆறரைக்கே தொடங்கிவிடும்.

இங்கேதான் புதுச்சேரியின் சிக்கல். அந்த ஊர் பெயரைக் கேட்டதுமே பாதிப் பேருக்குக் கடல் நினைவுக்கு வராது. சனிக்கிழமை மாலை அறைக்கு வந்து சேர்ந்ததும் "இங்கே விலை கம்மி மச்சான்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். இரண்டு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து, உப்புத் தண்ணீரை விழுங்கிக்கொண்டு பலகையில் குப்புறப் படுத்தால் வயிறு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஜிம்மில் வளர்த்த உடம்போடு வந்த ஒரு பையன் கரையிலேயே குத்தவைத்து உட்கார்ந்து வாந்தி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவன் கட்டிய பணத்துக்கு மற்றவர்கள் போர்டு தூக்கினார்கள். வாந்தி எடுத்தவனாவது கரையில் இருந்தான். பாதி போதை தெளிந்த நிலையில் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று தண்ணீரில் இறங்குகிறவன்தான் உண்மையான ஆபத்து. அவனைக் கவனிப்பதிலேயே பயிற்சியாளருக்கு நேரம் போய்விடும். நீச்சல் தெரியாத உங்களைப் பார்க்க ஆள் இருக்காது.

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தொடங்கிய சர்ஃப் பள்ளி இன்று ஊரறிந்தது. அலையேற வரும் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் வைத்த நிபந்தனை, குடியும் கூடாது, புகையும் கூடாது என்பதுதான். அதை ஒழுக்கப் பாடமாகத்தான் நானும் முதலில் எடுத்துக்கொண்டேன். தண்ணீருக்குள் போய்வந்த பிறகு அது வெறும் நடைமுறைப் புத்தி என்று புரிகிறது.

இன்னொரு உள்ளூர் விஷயம். செரினிட்டி பீச் என்று நீங்கள் தேடிப்போகும் இடம் தந்திராயன்குப்பம். முத்தியால்பேட்டை, கோட்டக்குப்பம் தாண்டினால் வந்துவிடும், டவுனிலிருந்து ஆட்டோவில் சிறிது நேரம்தான். ஆனால் அது புதுச்சேரி இல்லை, தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அறை அந்தப் பக்கம், பாட்டில் இந்தப் பக்கம் என்று யாராவது பைக்கில் தூக்கிக்கொண்டு போனால், எல்லையில் மதுவிலக்குப் போலீஸ் நிறுத்தினால் அந்த வார இறுதி வேறு மாதிரி முடியும். உங்கள் குழுவில் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

சரி, நீச்சலுக்கு வருவோம். தொடக்கப் பாடம் இடுப்பு, மார்பளவுத் தண்ணீரில்தான் நடக்கும். கொடுக்கும் போர்டு எட்டு, ஒன்பது அடி நீளம், மேலே மெத்தென்ற ஃபோம். அது மூழ்காது. லீஷ் என்னும் கயிறு அதை உங்கள் கணுக்காலோடு கட்டிவைத்திருக்கும், எனவே எப்படி விழுந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு மிதவை பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும் நீச்சல் தெரியாது என்பதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சேர்ப்பதா, தனியாக ஒரு ஆள் போடுவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். "கொஞ்சம் தெரியும்" என்று மழுப்பவே கூடாது. நம் ஊரில் கிணற்றில் நான்கு கை போட்டவரெல்லாம் கொஞ்சம் தெரிந்தவர்தான். அப்படிப்பட்டவரைவிட, சுத்தமாகத் தெரியாது, சொன்னபடி கேட்கிறேன் என்பவரை வைத்துக்கொள்வது பயிற்சியாளர்களுக்கு எளிது.

நீச்சலைவிட முக்கியம் விழக் கற்பது. தலைகுப்புறப் பாயக் கூடாது, பக்கவாட்டில் தட்டையாக விழ வேண்டும். இரண்டு அடித் தண்ணீருக்குக் கீழே கெட்டி மணல் இருக்கிறது. மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு வரவேண்டும், ஏனென்றால் உங்கள் போர்டே உங்கள் மண்டையில் இறங்கக் காத்திருக்கும். நடந்து உள்ளே போகும்போது போர்டை உடம்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் அது இருந்தால், அலை அதைத் தூக்கி உங்கள் முகத்தில் அடிக்கும். லீஷைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், விரல் போய்விடும்.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டென்றால் அது கற்கள். 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கல் தடுப்பு கட்டினார்கள். நம் கரையில் வருடத்தில் பெரும்பகுதி நாட்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தெற்கிலேயே மறித்தால் வடக்கே மணல் வராமல் கரை கரையும். காந்தி சிலைக்கு முன்னால் இருந்த மணற்கரை போய், கருங்கல் கொட்டிய 'ராக் பீச்' ஆனது அப்படித்தான். 2018 வாக்கில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கிய பிறகு அங்கே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அதற்கும் வடக்கே உள்ள குப்பங்களில் வீடுகளைக் காப்பாற்றத் தூண்டில் வளைவு போட்டார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கல் வரிசையை ஒட்டித்தான் சில நாள் அலை அழகாக உடையும். கூடவே, கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் இழுவையும் கல்லை ஒட்டியே ஓடும். அந்த இடம் பார்வைக்கு அலையில்லாமல் அமைதியாகத் தெரியும், புதியவர்கள் அங்கேதான் இறங்கப் பார்ப்பார்கள். இழுத்துக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். போர்டைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டு, கல்லை விட்டு விலகிக் கரைக்கு இணையாகக் கையாலேயே துடுப்புப் போடுங்கள், கையை உயர்த்திக் காட்டுங்கள். போர்டை மட்டும் விட்டுவிடக் கூடாது.

அப்புறம் ஃபைபர் போட்டுகள். காலையில் மீன்பிடித்துத் திரும்பும் படகுகள் கரையேறும் நேரமும் உங்கள் பாட நேரமும் ஒன்றுதான். படகு அலையோடு சேர்ந்து வேகமாக வரும், உங்களுக்காகத் திருப்ப முடியாது. பிழைப்புக்காக வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குவதுதான் மரியாதை.

பாடம் எப்படி இருக்கும் என்று கேட்டால், முதல் பகுதி மணலில். குப்புறப் படுத்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் கையூன்றி, ஒரே எழும்பலில் கால்களைக் கீழே கொண்டுவர வேண்டும். எந்தக் கால் முன்னால் என்று கண்டுபிடிக்க, சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து லேசாகத் தள்ளுவார்கள். தடுமாறி முதலில் எந்தக் காலை வைக்கிறீர்களோ அது. தண்ணீரில் பயிற்சியாளர் போர்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அலை எப்போது வரும் என்று நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. அவர் தள்ளுவார், "எழுந்திரிங்க" என்பார், எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதையும் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து கொண்டு, எழலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அலை முடிந்துவிடும்.

ஒருமுறை எங்கள் குழுவில் சேலத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தார். ஓய்வு பெறும் வயது, நீச்சல் தெரியாது, லெக்கின்ஸும் முழுக்கைச் சட்டையும். முந்தின நாள் ஒன்பது மணிக்கே "நான் படுக்கிறேன்பா" என்று போய்விட்டார். மறுநாள் விழுந்து எழுந்த ஒவ்வொரு முறையும் கொண்டையை அவிழ்த்துப் பிழிந்து, திரும்ப முடிந்துகொண்டுதான் போர்டில் ஏறுவார். பயிற்சியாளர் அந்தக் குப்பத்துப் பையன்தான், இருபது வயது இருக்கும். "அம்மா, காலைப் பாக்காதீங்க. அதோ அந்தத் தென்னமரத்தப் பாருங்க" என்று கத்தினான். அவர் தென்னைமரத்தைப் பார்த்தார். நின்றுவிட்டார். நுரை போய்க் கரையில் தட்டி நிற்கும் வரை, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தபடி, வகுப்பறையில் சத்தம் போடும் பிள்ளைகளைப் பார்க்கிற அதே கண்டிப்பான முகத்தோடு வந்து இறங்கினார். எங்களில் பாதிப் பேர் அதுவரை நிற்கவே இல்லை. தலை குனிந்தால் உடம்பும் முன்னால் சாயும், போர்டின் மூக்கு தண்ணீரில் குத்தும், நீங்கள் அதைத் தாண்டிப் பறப்பீர்கள். எல்லோரிடமும் அதே தென்னைமரத்தைத்தான் காட்டினான். கேட்டவர் அவர் ஒருவர்.

உடம்பு விஷயம் கொஞ்சம். ரேஷ் கார்டு எனப்படும் இறுக்கமான முழுக்கைச் சட்டை தருவார்கள், இல்லாவிட்டால் பழைய பனியன் துணிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெறும் உடம்போடு படுத்துத் துடுப்புப் போட்ட ஆண்கள் மதியம் சட்டை போட முடியாமல் மார்பில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு திரிவார்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். காலையில் இரண்டு வாழைப்பழம் போதும், பொங்கல் எல்லாம் திரும்பி வந்த பிறகு. மூக்கில் ஏறிய கடல் தண்ணீர் அங்கேயே எங்கோ தங்கிவிடும். மதியம் சாப்பாட்டு இலை முன்னால் குனியும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் சாம்பாரில் கொட்டும். எல்லோருக்கும் நடப்பதுதான், வெட்கப்பட வேண்டாம்.

எப்போது போவது? அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை விட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை, புயல், கலங்கல் தண்ணீர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் புதுச்சேரி, கடலூர் கரையில்தான் ஏறியது. உங்கள் பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் சாய்ந்தது உங்களுக்கே நினைவிருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் அலை சிறியது, பயந்தவர்களுக்கு ஏற்றது. மே முதல் செப்டம்பர் வரை தெற்கே வெகுதூரத்துப் பெருங்கடலில் பிறக்கும் அலை நம் கரைக்கு நன்றாக வந்து சேரும். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்து, ரமேஷ் புடிஹால் நமக்கு வெண்கலம் வாங்கித் தந்ததும் அந்தப் பருவத்தில்தான். எந்த மாதமானாலும் கிளம்பும் முன், கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸ் விடும் உயர் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போகாத நாளில் நமக்கும் அங்கே வேலையில்லை.

கடலூர் சில்வர் பீச் எங்கள் ஊர்க் கடற்கரை. பெருமையாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் மாலையில் குடும்பத்தோடு காற்று வாங்கவும், சுண்டல் தின்னவும், முழங்கால் வரை நனையவும்தான் அதை நான் சிபாரிசு செய்வேன். நான் வளர்ந்த காலத்தில், அந்தக் கரை இருக்கும் தேவனாம்பட்டினத்தில் போர்டோடு யாரும் நின்று பார்த்ததில்லை. கெடிலம் ஆறு கடலில் சேரும் பக்கம் இழுவை எந்த வாரம் எங்கே இருக்கும் என்பது அங்கே தினமும் படகு இறக்குகிறவர்களுக்கு மட்டுமே தெரியும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லாத இடத்தில், வாடகைக்கோ இரவலோ ஒரு போர்டை வாங்கிக்கொண்டு தனியாக இறங்குவது நீச்சல் தெரிந்தவருக்கே சரியில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்து சொச்சம் கிலோமீட்டர், பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. போய்விடுங்கள்.

குழுவில் சேரும் முன் ஏற்பாடு செய்கிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பாடம் சனிக்கிழமை காலையா, ஞாயிற்றுக்கிழமை காலையா? பயிற்சியாளர் ஒருவருக்கு எத்தனை பேர்? ஞாயிறு என்றால், தனி அறையோ சீக்கிரம் தூங்குகிறவர்களின் அறையோ கேட்டு வாங்குங்கள். பயிற்சியாளர் எண்ணிக்கைக்குப் பதில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் ப்ரோ" என்று வந்தால் அந்தக் குழுவை விட்டுவிட்டு நேராக சர்ஃப் பள்ளிக்கே போன் போட்டு உங்கள் பெயரை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். சக பயணிகள் அங்கே தண்ணீரிலேயே கிடைப்பார்கள். முடிந்தால் வெள்ளி இரவே வந்து சனி, ஞாயிறு இரண்டு காலையும் பாடம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பயத்திலேயே போய்விடும், நிற்பது அனேகமாக இரண்டாம் நாள்தான். திங்கட்கிழமை தோள் தூக்க முடியாது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கவே கஷ்டமாக இருக்கும். அதனால் ஊர் திரும்ப உட்கார இடம் கிடைக்கிற பஸ்ஸாகப் பாருங்கள்.