எரிமலை வெடிப்பதற்கு முன்னால் அடியில் என்ன நடக்கிறது? – கேள்வி பதில்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து எரிமலை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பால்மரம் சீவும் அன்பர்): ஐயா, ஹவாயில் மாக்மா (உருகிய பாறைக்குழம்பு) ஆறு போல ஓடுகிறது. சுமத்ராவில் மட்டும் ஏன் வெடிக்கிறது?

பதில்: ஹவாயின் மாக்மாவில் சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) பாதியளவுதான். வெப்பம் 1,100 டிகிரி செல்சியசுக்கும் மேல். இளகி ஓடுவதால் வாயு எளிதில் வெளியேறிவிடும். சுமத்ராவின் கதை வேறு. அங்கே இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு தீவுக்கு அடியில் புதைகிறது. அது கொண்டுபோகும் நீர், மேலேயுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. அந்த மாக்மா பிறக்கும்போதே நீரோடு பிறக்கிறது. அந்த நீர்தான் பின்னால் வாயுவாகப் பிரிந்து அதை வெடிக்க வைக்கிறது.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவி): மேலே வரும் வழியில் மாக்மா நின்றுவிட்டால், ஆறி அடங்கிவிடும் அல்லவா?

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அம்மா. ஆறுவதுதான் அதை ஆபத்தானதாக்குகிறது. ஆறும்போது முதலில் ஒலிவின், பைராக்சீன் போன்ற படிகங்கள் உருவாகும். அவை இரும்பையும் மக்னீசியத்தையும் இழுத்துக்கொள்ளும்; சிலிக்காவைக் குறைவாகவே எடுக்கும்; நீருக்கு அவற்றில் இடமே இல்லை. ஆகவே மிஞ்சும் திரவத்தில் சிலிக்காவும் நீரும் ஏறிக்கொண்டே போகும். 50 விழுக்காட்டில் தொடங்கிய சிலிக்கா 70-ஐத் தாண்டும்போது, அணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திரவம் பல இலட்சம் மடங்கு பிசுபிசுப்பாகிவிடும். வாயு நிறைந்திருக்கும், வெளியேற வழி இருக்காது.

அடியில் நெருப்பு ஏரி ஒன்று கொதித்துக்கொண்டிருப்பதாகப் படம் போடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது படிகக் குவியல். சோற்றுப் பருக்கைகளுக்கு இடையே கஞ்சி நிற்பது போல, படிகங்களுக்கு நடுவே திரவம் நிற்கிறது. அது மெல்லப் பிரிந்து மேல்பகுதியில் திரளும். வெடிக்கக்கூடியது அந்தப் பகுதிதான். அது திரள ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம்.

கேள்வி (அதே மாணவி): அப்படியானால் எது தூண்டிவிடுகிறது?

பதில்: சில சமயம் எதுவும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. படிகங்கள் பெருகப் பெருக, நீர் கரைந்திருக்க முடியாமல் குமிழிகளாகப் பிரியும், அழுத்தம் ஏறும். சில சமயம் கீழிருந்து சூடான புது மாக்மா வந்து புகும். பிலிப்பைன்சின் பினாதுபோ சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய மலை. 1991-இல் அதன் பழைய மாக்மாவுக்குள் பசால்ட் எனப்படும், சிலிக்கா குறைந்த சூடான மாக்மா நுழைந்தது. நிலநடுக்கங்களையும் கந்தக வாயுவையும் அளந்துகொண்டிருந்த அறிவியலாளர்கள் எச்சரித்ததால், ஜூன் 15-ஆம் தேதி பெருவெடிப்புக்கு முன்பே பல்லாயிரம் பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அறிவியல் உயிர் காத்ததற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

மாக்மா மேலேறும்போது குமிழிகள் ஊதிப் பெருகும். கொள்ளளவில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் குமிழிகள் பிடித்ததும், பிசுபிசுத்த திரவம் அதற்கு மேல் இழுபட முடியாமல் நொறுங்கும். எரிமலைச் சாம்பல் என்பது அந்தக் கண்ணாடித் துகள்தான்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): நம் பேராக்கின் லெங்கோங்கில், சுமத்ராவின் தோபா எரிமலைச் சாம்பல் இருப்பது உண்மையா?

பதில்: உண்மைதான், ஆசிரியை. தோபா சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. வெளியேறிய மாக்மா ஏறத்தாழ 2,800 கன கிலோமீட்டர். இடிந்து விழுந்த பள்ளம்தான் இன்றைய தோபா ஏரி, 100 கிலோமீட்டர் நீளம். அந்தச் சாம்பலை நுண்ணோக்கியில் வைத்தால் வளைந்த மெல்லிய கண்ணாடிச் சில்லுகள் தெரியும். சில சில்லுகளுக்கு மூன்று கிளைகள் இருக்கும். மூன்று குமிழிகள் நெருங்கி நின்ற இடத்தின் சுவர் அது. மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி (செம்பனைத் தோட்ட மேற்பார்வையாளர்): நம் தித்திவாங்சா மலை வெடிக்குமா?

பதில்: வெடிக்காது, அண்ணா. தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த மலைத்தொடரின் கருங்கல், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளியே வராமல் ஆழத்திலேயே இறுகிப்போன மாக்மா. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் (வெள்ளீயம்) அதன் மிச்சம்தான்: முதலில் உருவான படிகங்களில் இடம் கிடைக்காத ஈயம் கடைசித் திரவத்தில் சேர்ந்து, பாறை விரிசல்களில் படிந்தது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் போகும்போது, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, சாலையோரம் வெட்டிய பாறையைக் கிட்டப் பாருங்கள். கறுப்பு மைக்காவுக்கு நடுவே பெரிய வெள்ளைப் படிகங்கள் இருந்தால் அவை பெல்ட்ஸ்பார் என்ற கனிமம். மெதுவாக ஆறியதால்தான் அவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கின்றன.